தட்டில் வைத்த சாவி

எங்கள் சங்கத்தில் பேச்சாளருக்கு இருபது நிமிடம். இருபது முடிந்தால் மணி அடித்துவிடுவோம். அடிக்கிறவன் நான்.

வியாழக்கிழமைதோறும் மதியம் ஒரு மணிக்கு ஓட்டல் மாடியில் நாற்பது பேர் கூடுவோம். சாப்பாடு, அறிவிப்பு, பேச்சாளர், நன்றியுரை என்று எல்லாம் முடிந்து இரண்டேகாலுக்கு அவரவர் கடையைப் பார்க்க ஓடிவிடுவோம். எனக்குக் கண்ணாடிக் கடை. அதனால் சங்கத்தில் என் பெயரே கண்ணாடிதான். நிகழ்ச்சிப் பொறுப்பை என் தலையில் கட்டி ஆறு வருடமாகிறது. வாரத்துக்கு ஒரு பேச்சாளரைப் பிடித்துவருவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் பிடித்துப் பார்க்கட்டும். பாம்பு பிடிப்பவர் வந்திருக்கிறார், தேனீ வளர்ப்பவர் வந்திருக்கிறார். வரி ஆலோசகர் ஒருவர் மூன்று முறை வந்து மூன்று முறையும் ஒரே பேச்சைப் பேசினார். ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தேதி, ஆள், தலைப்பு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேச்சை எவனும் கேட்பதில்லை. நன்றியுரையை நான் முந்தின நாளே எழுதிச் செயலாளரான பல் டாக்டரிடம் கொடுத்துவிடுவேன். "பயனுள்ள பல தகவல்களை நகைச்சுவையோடு எடுத்துரைத்தார்" என்று அதில் இருக்கும். பேச வந்தவர் சிரிப்பு என்றால் என்னவென்று தெரியாதவராக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். கேள்வி நேரத்தில் யாரும் வாய் திறக்காமல் போனால் அசிங்கம் என்று மூன்று துண்டுச் சீட்டில் மூன்று கேள்வி எழுதி மூன்று பேரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவேன். அவர்கள் அதைப் பார்த்துப் படிப்பார்கள். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவன் நான் என்று எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

போன மாதம் ஒரு புதன்கிழமை, மறுநாள் பேச வேண்டிய கண் டாக்டர் வரமுடியாது என்று கைவிரித்துவிட்டார். தலைவருக்குப் போன் போட்டேன். சிமெண்ட் வியாபாரி அவர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"இதுக்கா கவலைப்படுற? நம்ம ஆம்புலன்ஸ் டிரைவரக் கூப்பிடு கண்ணாடி. வண்டி குடுத்து ஒரு வருஷம் ஆகப்போகுது. நம்ம சேவையப் பத்தி நாலு வார்த்தை பேசட்டும்."

ஒரு வருடமாக அந்த டிரைவரின் முகத்தில் விழிக்காமல் தப்பித்து வந்தவன் நான். எதிரில் அந்த வண்டி வந்தால் கடைக்குள் போய் நின்றுகொள்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். சங்கம் ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தது. வண்டி வந்து மூன்று நாள் ஓடியும் விட்டது. ஆனால் விழா எடுக்காமல் கொடுத்தால் கொடுத்த மாதிரி ஆகுமா? ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டோம். சிறப்பு விருந்தினர் பெரிய இடத்து மனிதர், வெளியூரிலிருந்து வந்திருந்தார். வண்டியைக் கழுவித் துடைத்து, சுற்றிலும் ரிப்பன் கட்டி, பூட்டி நிறுத்தினோம். சாவிக்குச் சிவப்பு ரிப்பனில் ஒரு முடிச்சுப் போட்டு, வெல்வெட் துணி விரித்த தட்டில் வைத்தேன். விருந்தினர் பேசி முடித்ததும் நான் தட்டை ஏந்திப் போக வேண்டும், அவர் சாவியை எடுத்து டிரைவர் கையில் கொடுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க என்னுடையது. மாற்றுச் சாவி இன்னும் கம்பெனியிலிருந்து வந்து சேரவில்லை.

விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது டிரைவர் குனிந்தபடி மேடை ஓரத்துக்கு வந்தார். கையில் போன்.

"சார், கேஸ் வந்திருக்கு. மூச்சுத் திணறல். பக்கத்துலதான், அஞ்சு நிமிஷத்துல போயிரலாம். சாவியக் குடுங்க."

"இப்பவா? வேற வண்டி இல்லையா?"

"இன்னொண்ணு ஊருக்கு வெளியே போயிருக்கு சார்."

"அஞ்சு நிமிஷம் பொறுப்பா. முடிக்கப் போறாரு."

அவர் முடிக்கவில்லை. சிறப்பு விருந்தினருக்கு மணி கிடையாது என்பது எங்கள் வழக்கம். மணியெல்லாம் பாம்பு பிடிப்பவருக்கும் தேனீக்காரருக்கும்தான். அன்றும் மேசைமேல் என் கைக்கு எட்டும் தூரத்தில் மணி இருந்தது. டிரைவர் இரண்டாம் முறை வந்தார். கையைக் காட்டி அமர்த்தினேன். மூன்றாம் முறை வந்தபோது, "எல்லாரும் பாக்குறாங்க, போய் வண்டிகிட்ட நில்லுய்யா" என்று கடித்துத் துப்பினேன். முன்வரிசையில் தலைவர் எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். அந்த முகச்சுளிப்புக்குப் பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

முப்பத்தைந்து நிமிடம் பேசினார். பிறகு சாவி கொடுத்தார். படம் எடுத்தார்கள். யாரோ கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொரு படமும் எடுத்தார்கள். அது முடிந்ததும் டிரைவர் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார். ரிப்பனை அவிழ்க்கக்கூட இல்லை. வண்டி அதை அறுத்துக்கொண்டு போனதும் எல்லாரும் கைதட்டினார்கள்.

மூச்சுத் திணறிய அம்மாள் வண்டியிலேயே இறந்துபோனார். சாயங்காலம் டிரைவர் என் கடைக்கு வந்து சொன்னார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டுமாம், என்ன எழுத என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு, "நெரிசல்னு எழுதிடுப்பா" என்றேன். அவர் எழுதப் போய்விட்டார்.

இப்போது அவரையே பேச அழைக்க வேண்டும். போனில் கூப்பிட்டேன். மறுக்க மாட்டாரா என்று ஏங்கினேன். மறுக்கவில்லை.

"வரேன் சார். கூட ஒருத்தரக் கூட்டிட்டு வரலாமா?"

"தாராளமா. பேச்சாளர் ஒரு விருந்தாளியக் கூட்டிட்டு வரலாம். வீட்டுக்காரம்மாவா?"

"இல்ல சார். தெரிஞ்சவர்."

மறுநாள் டிரைவர் தேய்த்த சட்டையோடு வந்தார். கூட ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர். விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தொழில் என்ற கட்டத்தில் தையல் என்று எழுதினார். பேச்சாளரின் விருந்தாளியை என் பக்கத்தில் உட்கார வைப்பது முறை. உட்கார வைத்தேன்.

"டிரைவர் தம்பிக்கு உறவா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. என் வீட்டுக்காரியக் கொண்டுபோனது இவருதான். போன வருஷம், புது வண்டியில. அதுக்கப்புறம் மாசம் ஒருக்கா வந்து என்னப் பாத்துட்டுப் போவாரு. சொந்தத் தம்பிகூட அப்படி வந்ததில்ல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "வண்டி வாங்கிக் குடுத்தவங்களப் பாத்து ஒரு நன்றி சொல்லணும்னு நெனச்சேன். கூட்டிட்டு வந்தாரு."

டிரைவரைத் தேடினேன். மேடையில் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு தொடங்கியது. மேடைப் பழக்கம் இல்லாத மனிதர், மைக்கைக் கண்டு பயந்தார். ஆனாலும் அன்றைக்குத்தான் எங்கள் ஆட்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். வண்டிக்குள்ளேயே பிறந்த குழந்தையைப் பற்றிச் சொன்னார். வழிவிடாமல் முன்னால் போகிற கார்களைப் பற்றிச் சொன்னார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை. இப்போது சொல்லிவிடுவார், இதோ இப்போது என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு வேர்த்தது. பதினான்கு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். விழாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்காக இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மூன்று சீட்டுக் கேள்விகளும் வந்தன. மைலேஜ் எவ்வளவு என்று ஒரு புண்ணியவான் கேட்டார். மூன்றாவது பதில் முடிந்ததும் என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"ஐயா, நானும் ஒண்ணு கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க, இது நம்ம வீடு மாதிரி" என்றார் தலைவர்.

தையல்காரர் எழுந்து நின்றார். "தம்பிய நான் தனியா எத்தனையோ தடவ கேட்டுட்டேன். எனக்குச் சொல்லத் தெரியலண்ணே, தெரிஞ்சவங்க இருக்காங்க, அங்க வந்து கேளுங்கன்னாரு. அதான் கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு எங்க வீட்டுக்கு வண்டி வர நாப்பது நிமிஷம் ஆச்சு. நெரிசல்னு சொன்னாங்க. ஞாயித்துக்கிழமைங்க அது. தெருவுல ஒரு சைக்கிள்கூட இல்ல. நான் வாசல்லயே நின்னுட்டிருந்தேன்."

டிரைவர் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை. நீங்க சொல்லுங்க என்கிற பார்வை, அவ்வளவுதான். பேச்சும் கேள்வியும் சேர்த்து என் கைக்கடிகாரத்தில் பதினெட்டரை நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஒன்றரை நிமிடம் பாக்கி.

நான் மணி அடித்தேன்.

ஆறு வருடத்தில் நேரத்துக்கு முன்னால் மணி அடித்தது அதுதான் முதல் தடவை. பாழாய்ப்போன என் கை அதுவாகவே போய் அடித்தது. பழக்க தோஷத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நேரமாயிடுச்சு போல, பரவாயில்லைங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பல் டாக்டர் எழுந்து சீட்டைப் பிரித்து, பயனுள்ள பல தகவல்களை நகைச்சுவையோடு எடுத்துரைத்த பேச்சாளருக்கு நன்றி என்று படித்தார். நினைவுப் பரிசு கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள்.

நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். ஓட்டல் பின்புறம் அந்த வண்டி நின்றது. பக்கவாட்டில் எங்கள் சங்கத்தின் பெயர், ஆஸ்பத்திரிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில். இருவரும் வந்தார்கள். டிரைவர் கதவைத் திறக்காமல் ஓரமாக நின்றுகொண்டார்.

"தம்பி, இவருகிட்ட நீங்க சொல்லலையா?" என்று கேட்டேன்.

"என் வாயால சொன்னா, நான் தப்பிச்சுக்கச் சொன்ன மாதிரி ஆயிடும் சார். நெரிசல்னு எழுதினது நான்தான். மிச்சத்த நீங்க சொல்லுங்க."

சொன்னேன். தட்டு, ரிப்பன், மூன்று முறை கேட்டது, நான் விரட்டியது, நெரிசல் என்று எழுதச் சொன்னது, எதையும் விடவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியதால் நிறுத்திக்கொண்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் அடிக்கவில்லை. வண்டியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"அவ படுக்க முடியாம உக்காந்தே இருந்தா. 'வந்துருச்சா, வந்துருச்சா'ன்னு கேட்டுட்டே இருந்தா. நான் வாசலுக்கும் உள்ளுக்குமா ஓடுறேன். போன் பண்ணினா, வண்டி கிளம்பிடுச்சு, எங்கயும் நகராதீங்கன்னாங்க. இல்லைன்னா எதுலயாவது தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "மைக் சத்தம் எங்க வாசல் வரைக்கும் கேட்டுச்சு. யாரோ பேசிக்கிட்டே இருந்தாங்க. நடுநடுவுல கைதட்டுறாங்க. எதிரொலியில ஒரு வார்த்தை புரியல. ஏதோ விழான்னு நெனச்சேன்."

"ஆமாங்க. அதுதான்."

என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அப்படி என்னங்க பேசினாரு?"

மேடையில் அவருக்கு இரண்டடி தள்ளி நின்று முழுப் பேச்சையும் கேட்டவன் நான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

எனக்கு ஞாபகம் வந்துவிடும் என்பதுபோல அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியாப்பா?"

"நான் வண்டிகிட்ட நின்னுட்டிருந்தேண்ணே."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தையல்காரர் தெருவைப் பார்த்து நடந்தார். டிரைவர் வண்டியில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எழுந்து நின்று சங்கத்தாரிடமும் சொன்னேன். தலைவர், "பழசக் கிளறாத கண்ணாடி" என்றார். மணியைச் செயலாளர் முன்னால் வைத்துவிட்டுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டேன். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு நேரே சிறப்புரை என்று மட்டும் இருக்கிறது. நாற்பது பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டேன். நன்றாகப் பேசினார் என்றார்கள். ஒரு ஜோக் சொன்னார் என்றார் ஒருவர், என்ன ஜோக் என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் அந்தப் பெரிய மனிதருக்கே போன் செய்தேன். எங்கள் சங்கத்தின் பெயரைச் சொன்னேன், வண்டியைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன். அன்று என்ன பேசினீர்கள், ஒரு வரியாவது சொல்ல முடியுமா என்று கேட்டேன். எந்த விழா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் சந்தோஷமாகச் சிரித்தார்.

"எங்க போனாலும் பேசுறதுதாங்க, தனியா என்ன ஞாபகம் வச்சுக்க? மறுபடியும் வரணுமா? தேதியச் சொல்லுங்க, வந்து பேசிட்டாப் போச்சு."

போனை வைத்துவிட்டேன். தையல்காரரின் கடை என் கடைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. தினமும் அவரைக் கடந்துதான் போகிறேன். தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே போய்ச் சொல்ல என்னிடம் இன்னும் ஒரு வரி இல்லை.