நாலு வகுப்புக்கு ஒருத்தி

கொர்னேலியஸ் வாத்தியார் தங்கச் சுரங்க ஆபீசில் ரைட்டராகப் போய்ச் சேர்ந்த பிறகு, மாரிகுப்பம் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜூடித் ஒருத்திதான் மிஞ்சினாள். அவர் போனதில் அவளுக்குக் கோபம் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், பிழைக்கிற வழியைப் பார்த்துக்கொண்டார். வேலூரிலிருந்து வேறு வாத்தியார் வருவார் என்று போதகர் இன்பராஜ் தீபாவளிக்கு முன்பே சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸும் வந்து போய்விட்டது. யாரும் வரவில்லை.

பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு கூடம்தான். தகரக் கூரை, மண் தரை. ஒரு பக்கம் கூலிக்காரர்களின் தட்டி வீடுகள் வரிசையாகப் போகும்; அதுதான் கூலி லைன். மறுபக்கம் கல்லை இடித்துப் பொடியாக்கும் மில். அந்த இடிச்சத்தம் ராப்பகலாக ஓயாது. அதனால் பிள்ளைகள் பாடத்தைக் கத்தித்தான் ஒப்பிப்பார்கள். வீட்டிலும் அதே தொண்டையில் பேசுகிறார்கள் என்று தாய்மார்கள் ஜூடித்திடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு.

அந்தத் திங்கட்கிழமை காலையில் போதகர் வந்து வாசலிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வராரும்மா. போன தடவை வந்தப்போ, 'இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா'ன்னு கேட்டுட்டுப் போனார். ஞாபகம் இருக்கில்ல? இந்தத் தடவை நாலு வகுப்பும் நாலு வகுப்பாத் தெரியணும். இல்லேன்னா மானியத்தை நிறுத்திடுவாங்க."

"வேலூர் வாத்தியார் என்ன ஆனார், ஐயா?"

"எழுதிப் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஜூடித் ஆம்பூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைக் காய்ச்சலில் பறிகொடுத்துவிட்டு, மிஷன் பயிற்சிப் பள்ளியில் படித்துத் தேறியவள். ஒரு கூடத்தை எப்படிப் பிரிப்பது என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே சொன்ன கூடத்தில் பெஞ்சு இருந்தது, ஆளுக்கொரு சிலேட்டு இருந்தது, வகுப்புக்கொரு வாத்தியார் இருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் பருப்புக் கடைக்குப் போய்ப் பழைய கோணிச் சாக்குகளை வாங்கி வந்தாள். அவற்றைப் பிரித்துத் தைத்து, கூடத்தின் குறுக்கே கயிறு கட்டித் திரையாகத் தொங்கவிட்டாள். முதல் வகுப்பு அரிச்சுவடிப் பிள்ளைகளுக்கு வாசலோரம் மணலைக் கொட்டிப் பரப்பினாள். நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து ஓடுகிறவர்கள் அவர்கள். வாசலோரம் இருந்தால் மற்றவர்களை மிதித்துக்கொண்டு போகமாட்டார்கள். பள்ளியில் இருந்த ஒரே கரும்பலகையை நடுவில் நிறுத்தினாள். முன்பக்கம் இரண்டாம் வகுப்புக்கு, பின்பக்கம் மூன்றாம் வகுப்புக்கு. நாலாம் வகுப்பைப் பின்சுவரில் ஜன்னலுக்குக் கீழே உட்காரவைத்தாள். கணக்கைக் கொடுத்துவிட்டால் அவர்கள் தாமாகவே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாட நேரத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. பெரிய பையன்கள் மத்தியானம் அப்பனுக்குச் சோறு கொண்டு சுரங்கக் குழிவாயான ஷாஃப்டுக்குப் போவார்கள். போனால் பாதிப்பேர் திரும்பமாட்டார்கள். எனவே மேல் வகுப்புகளின் கணக்கையும் வாசிப்பையும் காலைக்குத் தள்ளினாள். சிறிசுகள் அதுவரை மணலில் எழுதட்டும், மத்தியானத்துக்குமேல் அவர்களோடு உட்காரலாம் என்று வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை புது ஏற்பாட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. முதலில் பிள்ளைகள் சாக்குக்குள் தலையை நுழைத்து விளையாடினார்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஜூடித் ஒரு திரையிலிருந்து மறு திரைக்குப் போய்க்கொண்டே இருந்தாள். இந்தப் பக்கம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் வாசிப்பு, வாசலில் தெலுங்கு பேசும் ஒரு பொடியனுக்கு 'ஆனா, ஆவன்னா'. சாயங்காலம் தொண்டை கட்டிப்போயிற்று. ஆனாலும் மூன்று மாதத்தில் முதல் தடவையாக, இது பள்ளிக்கூடம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

நாலாம் வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் பிள்ளைகள். அந்த வயது வந்தால் பையன்கள் சுரங்கத்துக்குள் உளி சுமக்கப் போவார்கள், பெண்கள் மில் முற்றத்தில் கல் பொறுக்கப் போவார்கள். கங்கம்மா மட்டும் போகவில்லை. அவள் அப்பன் முனியப்பன் விடவில்லை. குடியாத்தத்துப் பக்கம் காடு வறண்டு பிழைக்க வந்த மனிதன், சுரங்கத்துக்கு அடியில் லெவலில் பாறையில் துளை போடுகிறவன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கேஜ் கூண்டில் மேலே வந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டான். உடம்பெல்லாம் சேறோடு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பான். கங்கம்மா ஒரு பக்கம் வாசிக்கிறவரை கேட்பான்.

செவ்வாயன்றும் வந்தான். "வெள்ளிக்கிழம தொர வராராமே, வாத்தியாரம்மா? எம்பொண்ணு படிக்குமா?"

"அவளை நம்பித்தான் நாலாம் வகுப்பையே காட்டப்போறேன், முனியப்பா."

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

புதன்கிழமை பத்து மணி வாக்கில் நேரம் கெட்ட நேரத்தில் சங்கு ஊதியது. ஷிஃப்ட் சங்கு இல்லை என்பது மணலில் உட்கார்ந்திருந்த சிறிசுகளுக்குக்கூடத் தெரியும். யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. சாக்குத் திரைகளைக் கிழித்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளும் ஷாஃப்ட் பக்கம் ஓடினார்கள். ஜூடித்தும் பின்னால் ஓடினாள்.

கேஜ் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒவ்வொரு தடவையும் உயிரோடு இருக்கிற ஆட்களையே கொண்டுவந்தது. ஆள் குறைவாக இருந்ததால் முனியப்பனைப் பகல் ஷிஃப்டுக்கும் நிறுத்தியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாறை சரிந்து விழுந்த இடத்தில் அவனும் இன்னொருவனும் இருந்தார்கள். பொழுது சாயும்போது இருவரின் உடலையும் மேலே கொண்டுவந்தார்கள். முனியப்பனின் பெண்சாதி தாயம்மா புருஷனின் முகத்தைப் பார்க்கக் கேட்டாள். பார்க்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அன்றே அடக்கம் முடிந்தது.

வியாழக்கிழமை பாதிப் பிள்ளைகள் வந்தார்கள். ஜூடித் கிழிந்த திரைகளை மறுபடி தைத்துக் கட்டினாள். ஜன்னலுக்குக் கீழே கங்கம்மாவின் இடம் காலியாக இருந்தது. வாசலோர மணலில் அவள் தம்பி வேலுவின் இடமும்தான். மத்தியானம் பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு அவள் கூலி லைனில் முனியப்பன் வீட்டுக்கு நடந்தாள்.

தாயம்மா சட்டிபானைகளைப் புடவையில் கட்டிக்கொண்டிருந்தாள். பெருமாள் மேஸ்திரி வாசலில் நின்றிருந்தார். கூலியாட்களைத் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கூட்டி வருகிறவர் அவர்தான்.

"நான் இன்னா பண்றது, வாத்தியாரம்மா? புது ஆளுங்க வண்டியேறிட்டாங்க. அவங்களுக்கு வூடு காட்டணும். வேலைக்கு ஆள் இல்லாத வூட்ட வச்சிக்க உடமாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஜூடித் தாயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் புருஷனைப் புதைத்தவள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது தெரிந்தவள். ஆனாலும் வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தைகளைச் சொன்னாள். தாயம்மா தலையை ஆட்டிக்கொண்டே முடிச்சை இறுக்கினாள்.

"சாயங்கால வண்டிக்கு எங்க அண்ணன் ஊருக்குப் போறோம். காரியத்த அங்கியே பண்ணிக்கலாம்."

கங்கம்மா மூலையில் சுருண்டு படுத்திருந்தாள். வேலு அவள் முதுகில் சாய்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும், நாளைக்கு நாலாம் வகுப்பு என்று எதைக் காட்டுவது என்ற கேள்வி ஜூடித்தின் மனதில் எழுந்தது. அதை அடக்கத்தான் நினைத்தாள். வாய் முந்திக்கொண்டது.

"தாயம்மா, ஒரு நாள் இருந்துட்டுப் போக முடியுமா? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரார். கங்கம்மா இல்லேன்னா பள்ளிக்கூடத்தையே..."

தாயம்மா கையிலிருந்த முடிச்சை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஜூடித்துக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. "வேண்டாம் தாயம்மா, நான் கேட்டதை மறந்துடு" என்று எழுந்தாள்.

"உக்காருங்க" என்றாள் தாயம்மா. "செவ்வாக்கிழம வூட்டுக்கு வந்து ஒரே பேச்சு. எம்பொண்ணு தொர முன்னால படிக்கப்போவுதுன்னு சொல்லிகினே சோறு துன்னாரு. அவரு இருந்தா அனுப்பிதான் இருப்பாரு. நாளைக்கி மத்தியான வண்டிக்குப் போறோம்."

"ராத்திரி எங்கே படுப்பே? என் அறைக்கு வா."

"சாவு வூட்டுக்காரங்க. உங்க வூட்டுக்கெல்லாம் வரக்கூடாதுங்க. எங்கனா படுத்துக்கறோம்."

வெள்ளிக்கிழமை காலையில் ஜூடித் பள்ளியைத் திறக்க வந்தபோது தாயம்மா சுவரோரம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில் இருந்தார்கள். தலைக்கு எண்ணெய் இல்லை, சீப்புப் படவில்லை. அழுது வீங்கிய கண்கள். கங்கம்மா உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜட்காவில் வந்து இறங்கினார். தலைப்பாகை, கோட்டு, மூக்குக்கண்ணாடி. போதகர் கூடவே வந்தார். இன்ஸ்பெக்டர் திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். மணலில் வேலு 'அ' போட்டுக் காட்டினான். மூன்றாம் வகுப்புச் சகாயம் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னான். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

"நல்ல ஏற்பாடு. போன தடவைக்கு எவ்வளவோ மேல்" என்றார். போதகரின் முகம் மலர்ந்தது.

நாலாம் வகுப்புக்கு வந்ததும் நின்றார். "இந்தப் பெண் ஏன் இப்படித் தலைவிரி கோலமாய் வந்திருக்கிறாள்? சுத்தத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், தெரியுமில்லையா?"

"முந்தாநாள் இவ அப்பா சுரங்கத்துல செத்துப்போனார், ஐயா" என்றாள் ஜூடித்.

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தணிந்த குரலில், "படி, குழந்தை" என்றார்.

கங்கம்மா எழுந்தாள். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம். மில் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒரு எழுத்துப் பிசகாமல் கடைசிவரை வாசித்தாள். வாசிக்கும்போது ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முடித்ததும் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சபாஷ்" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். "மற்ற உபாத்தியாயர்கள் எங்கே?"

"நான் ஒருத்திதான், ஐயா."

"நாலு வகுப்புக்குமா?"

ஜூடித் போதகரைப் பார்த்தாள். போதகர் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "போன தடவை எல்லாம் கலந்து கிடந்தது. இரண்டு வகுப்புத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இப்போது நாலு வகுப்பு தெளிவாகத் தெரிகிறது. நாலு வகுப்புக்கு ஒரே உபாத்தியாயர் என்றால் விதி இடம் கொடுக்காது, அம்மா. முதல் இரண்டு வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மானியம் வரும். மற்ற இரண்டை எடுத்துவிட வேண்டியதுதான்."

"பிள்ளைகள் படிச்சதைக் கேட்டீங்களே, ஐயா."

"கேட்டேன். அவர்கள் மேல் குறையில்லை. உங்கள் மேலும் குறையில்லை" என்றார் அவர். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். ஜட்கா போய்விட்டது.

தாயம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். "நல்லா படிச்சாளா?"

"நல்லாப் படிச்சா. சபாஷ்னு சொன்னார்."

"அப்ப இஸ்கூலு நிக்கும் இல்ல?"

"நிக்கும்" என்றாள் ஜூடித்.

ஸ்டேஷன்வரை அவளே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு கங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்க மாமா ஊர்ல இஸ்கூலு இருக்குதா, வாத்தியாரம்மா?"

ஜூடித்துக்குத் தெரியாது. "விசாரிச்சுப் பாரு" என்றாள். வண்டி பங்காருப்பேட்டைப் பக்கம் புறப்பட்டது.

திங்கட்கிழமை அவள் பெரிய பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். சகாயத்தின் அம்மா சண்டைக்கு வருவாள் என்று பயந்திருந்தாள். வந்தாள், சண்டை போடவில்லை. "உடுங்க வாத்தியாரம்மா, சொரங்கத்துல உளி சொமக்க ஆள் கேக்கறாங்க" என்று மகனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். சண்டை போட்டிருந்தால் ஜூடித்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். வேலூர் வாத்தியார் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வேன் என்று யாரிடமாவது சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு ஒரு புதுப் பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு வந்து நின்றாள். வண்டியில் வந்து இறங்கிய புதுக் கூலிக்காரர்களில் ஒருவனின் பெண்சாதி. லைனில் எந்த வீடு என்று ஜூடித் கேட்டாள். அவள் சொன்ன அடையாளம் தாயம்மாவின் வீடு.

"இந்தப் பையன சேத்துக்கோங்க. எது வரிக்கும் சொல்லிக் குடுப்பீங்க?"

"இரண்டாம் வகுப்பு வரைக்கும்."

"அது போதுங்க" என்றாள் அந்தப் பெண். "அதுக்குமேல இன்னாத்துக்கு?"

ஜூடித் பையனின் பெயரைக் கேட்டாள். பிறகு அவனை மணலில் உட்காரவைத்து விரலைப் பிடித்தாள்.