வீரபாகு வீட்டுத் தாழிகள்

1959 ஆனியில், மேலகரத்துக்குக் கிழக்கே வீரபாகுவின் புஞ்சையில் புதைந்திருந்த ஈமத்தாழிகள் நடக்க ஆரம்பித்தன. அவசரமில்லாத நடை, சினைமாடு நடக்கிற மாதிரி. அந்த வருஷத்துச் சாரல் பருவத்துக்குத்தான் ஒரு இங்கிலீஷ்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு டெல்லி அதிகாரி மூவரும் கூட்டுச் சேர்ந்து, யாரும் சீண்டாத ஆதிகாலத்துச் சுடுகாடுகளை அளக்க ஜீப்பில் வந்திறங்கியிருந்தார்கள். காலையில் அளப்பார்கள். மத்தியானம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றால அருவிக்குப் போவார்கள். தாழிகள் நடந்ததெல்லாம் அந்த நேரத்தில். திரும்பி வந்தால் வரைந்த படத்தில் ஓரிடம், மண்ணில் வேறிடம். பிரெஞ்சுக்காரர் அடிக்கணக்கைப் பழித்தார், இங்கிலீஷ்காரர் மீட்டரைப் பழித்தார், டெல்லிக்காரர் கமிட்டி போட்டார். தாழி நடந்த தடம் உழுத சால் போலக் கிடந்தது. அவ்வளவு படித்த கண்ணுக்கு அது படவில்லை. இரண்டு சாரல் இப்படியே போயிற்று.

வீரபாகு மாட்டுத் தரகர். அந்தப் புஞ்சையை மகள் செண்பகவல்லிக்குச் சீதனமாகப் பேசியிருந்தார். தாழி உண்டென்று உறுதியானால் சர்க்கார் வேலி போட்டுவிடும். சம்பந்தி ஆவுடையப்பன் வீடு தேடி வந்தே கேட்டுவிட்டார்: “அண்ணாச்சி, போர்டு நட்ட நெலத்துல எம்மவன் எதை வெதைப்பான்? எலும்பு பொறுக்கவா மாப்பிள்ளை தேடுதீரு?”

நடக்கத் தெரிந்தது பேரமும் பேசும் என்று வீரபாகுவுக்குப் பட்டது. மறுநாள் மத்தியானம் பெரிய தாழியின் வாயில் துண்டை விரித்து, மாட்டுச் சந்தையில் விரல் பிடித்து விலை பேசுவதுபோல அடியில் கையை விட்டார். ஜில்லென்று ஒரு கை வந்து விரலைப் பிடித்தது. தரகு தெரிந்த கைதான். போகிறோம், ஆனால் தண்ணீர் புழங்குகிற இடமாக வேண்டும் என்றது. அவர் குளத்தங்கரை என்றார், விரல் மடங்கவில்லை. ஆற்றோரம் என்றார், உதறிவிட்டு மறுபடி பிடித்தது. கடைசியில் அவர் வீட்டுப் புறவாசல் கிணற்றடிக்குப் படிந்தது.

“வரட்டும்,” என்றாள் அவர் மனைவி உலகம்மாள். “அடுக்களைப் பக்கம் மட்டும் கூட்டியாந்துராதீக. சும்மா நிக்காம கல்யாணத்துக்குத் தண்ணியாவது எடுத்துக் குடுக்கட்டும்.”

தாழிகள் வரிசையாக வந்தன. தெருவில் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். புஞ்சையில் ஒன்றுமில்லை, இருந்ததாகத் தோன்றியது அளவுநாடாவின் கோளாறு என்று மூன்று தேசமும் ஒருமனதாக எழுதிக் கையெழுத்திட்டன. அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ஆவணியில் கல்யாணம். துரைமாரும் பந்தியில் உட்கார்ந்து, ரசத்தை முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிட்டு, கிணற்றடிக்குப் போனார்கள். டெல்லிக்காரர் தாழியைத் தட்டிப் பார்த்து, இந்த ஊர்க் குயவர் இப்போதும் கெட்டியாகத்தான் வனைகிறார்கள் என்று மற்றவர்களுக்கு விளக்கினார். உள்ளிருந்து ஒரு கை செம்பில் தண்ணீரை நீட்டியது. இங்கிலீஷ்காரர் “தேங்க்யூ” என்று வாங்கிக் கை கழுவி, செம்பை அந்தக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.