தேதி போடாத தீர்மானம்

அக்கா ஒரே ஒரு தப்புதான் செய்தாள். ஆனால் அது சொந்தத் தம்பியின் தலையில் வந்து விடிந்தது.

தையல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டன் தைப்பவள் அவள். பட்டறை முழுக்க அவளுக்கு அக்கா என்றே பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்த இஸ்திரிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். கூட்டம் என்றால் நடவடிக்கைக் குறிப்பேடு அவள் கையில். தம்பி அங்கேயே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். ஓடிக்கொண்டிருந்த வெட்டு மெஷினை நிறுத்தாமல் அவன் திரும்பிப் பேசிய நேரத்தில், துணிக்கட்டு எடுக்க வந்த இஸ்திரிக்காரருக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கே தம்பியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மூன்று மாதத்துக்குள் சங்கம் திரும்ப எடுக்காவிட்டால் உறுப்பினர் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும்.

அவனைத் திரும்ப எடுப்பதற்கான தீர்மானம் போன மாதமே கூட்டத்துக்கு வந்தது. இஸ்திரிக்காரர் அப்போது புண் ஆறாமல் மறுபடி ஆஸ்பத்திரியில். அடிபட்ட மனுஷன் இல்லாமல் பேசுவது என்ன நியாயம் என்று அக்கா எழுந்து, "இதைத் தள்ளி வைப்போம்" என்றாள். எல்லாரும் கை தூக்கினார்கள். "அப்படியே ஆகட்டும்மா" என்றார் தலைவர், அவ்வளவு இனிமையாக. அந்த மனுஷன் இனிமையாகப் பேசினாலே உஷாராக வேண்டாமா? இவள் ஆகவில்லை.

'அடுத்த கூட்டத்துக்கு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தீர்மானம் தானாக நிகழ்ச்சி நிரலில் வந்து உட்கார்ந்திருக்கும். தேதி சொல்லாமல் தள்ளியதால் ஓரமாகப் போய்விட்டது. இனி யாராவது எழுந்து, அதை எடுத்துக்கொள்வோம் என்று முன்மொழிய வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பாதிக்கு மேல் கை தூக்க வேண்டும். இன்றைய கூட்டம் முடிவதற்குள் நடக்காவிட்டால் தீர்மானம் காலி. புதிதாகக் கொண்டுவரலாம் என்றால், வருகிற புதன்கிழமை மூன்று மாதமும் முடிகிறது. ஆறு வருடமாகக் குறிப்பேடு எழுதுகிறவளுக்கு இது தெரியவில்லை. போன வாரம் விதிப் புத்தகத்தைப் பஸ்ஸில் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது.

சனிக்கிழமை மதியம் இரண்டரைக்குக் கூட்டம் ஆரம்பித்தது. தம்பிக்கு உள்ளே வர உரிமை இல்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது.

தலைவர் முதலில் மின்விசிறி வாங்குவதைப் பேச்சுக்கு எடுத்தார். குழாயை எடுத்தார். திரைச்சீலை நீலமா பச்சையா என்பதற்கு முழுசாக இருபது நிமிஷம் கொடுத்தார். அக்கா கை தூக்கும்போதெல்லாம், "ஒண்ணு பேசிட்டிருக்கும்போது இன்னொண்ணை எடுக்க முடியாதும்மா" என்றார். விதிப்படி அது சரி. எரிச்சலே அதுதான்! ஒன்று முடிந்த மூச்சிலேயே அடுத்ததைப் படித்தார். ஊசி நுழைய இடம் விடவில்லை.

இஸ்திரிக்காரர் கடைசி பெஞ்சில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவரை இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருந்தாள். இரண்டு தடவையும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நாலே முக்காலுக்குக் கடைசி விஷயம் முடிந்தது. தலைவர் கண் ஒரு பக்கம் ஓடியது. நூல்கண்டு எழுந்தார். நூல் ஸ்டோர்காரர், எப்போதும் தலைவரையே சுற்றிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர்.

"கூட்டத்தை இத்தோட முடிச்சிக்கலாம்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள், பாவிகள். கூட்டத்தை முடிக்கும் தீர்மானம் வந்துவிட்டால் அதற்குத்தான் முதல் ஓட்டு, விவாதமும் கிடையாது.

அக்கா எழுந்தாள்.

"உட்காரும்மா. இதுல விவாதம் இல்ல."

"விவாதம் பண்ணல. முடிக்கறதுக்கு முன்னாடி என்ன வேலை பாக்கி இருக்குன்னு எந்த உறுப்பினரும் சொல்லலாம். பதினாலாவது விதி. போன மாசம் தள்ளி வெச்ச தீர்மானம் பாக்கி இருக்கு. இப்ப எழுந்து போனா அது செத்துடும். புதன்கிழமை என் தம்பி பேரும் போயிடும். என் முட்டாள்தனத்துக்கு அவனைத் தண்டிச்சுடாதீங்க."

கடைசி வாக்கியம் விதியில் இல்லாதது. வந்துவிட்டது, என்ன செய்ய?

"ஓட்டுக்குப் போகலாம்" என்றார் தலைவர். "முடிக்கலாம்ங்கறவங்க?"

பத்துக் கை.

"வேண்டாம்ங்கறவங்க?"

அக்கா தன் கையையும் சேர்த்து எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். அதே பத்து. இஸ்திரிக்காரர் எதற்கும் கை தூக்கவில்லை.

"சமம்" என்றார் தலைவர். முகத்தில் என்ன ஒரு நிம்மதி! "சமமானா தலைவருக்கு ஒரு ஓட்டு. அதனால..."

"இருங்க" என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. "முடிவு இன்னும் சொல்லலியே?"

கட்டுப்போட்ட கை மேலே இருந்தது. "நான் வேண்டாம்."

பதினொன்று. கூட்டம் முடியவில்லை. அக்கா உட்காரக்கூட இல்லை, அதே மூச்சில் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள முன்மொழிந்தாள். வழிமொழிந்தவர் இஸ்திரிக்காரர். அதற்கும் பதினொன்று. தீர்மானம் பேச்சுக்கு வந்துவிட்டது. ஆனால் அக்கா இஸ்திரிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச வேண்டும் என்று நினைத்தவர் நல்லதுதான் பேசுவார் என்று யார் சொன்னது?

இஸ்திரிக்காரர் மெதுவாக எழுந்தார்.

"அந்தப் பையன் மெஷினை நிறுத்தல. உண்மை. என் விரல் போச்சு, அதுவும் உண்மை. அவன்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு." தலைவர் பக்கம் திரும்பினார். "ஆனா அதுக்கு முந்தின வாரம் அவன் நிறுத்தி நிறுத்தி வெட்டினப்போ, நிறுத்தினா ஒரு நாளைக்கு நாலு கட்டு குறையுது, ஓட விடுடான்னு கத்தினது யாரு? தலைவரே, நீங்கதானே? நான் பக்கத்துலதான் தேய்ச்சிட்டிருந்தேன். ரெண்டு விரலுக்கு ஒரு ஆளைத்தான் வெளிய அனுப்பணும்னா, அது அவனா?"

இதற்காகத்தானா தலைவர் திரைச்சீலையோடு அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினார் என்று அப்போதுதான் பலருக்கு விளங்கியது. நூல்கண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. ஆதரவு பதினேழு. அதில் நூல்கண்டின் கையும் ஒன்று.

அக்காவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எழுத்து கலைந்து தெரிய, ஒருவழியாக எழுதி முடித்தாள்: 'கட்டிங் மாஸ்டரை மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது.' குறிப்பேட்டை மூடப் போனாள்.

மேஜைக்கு வந்து நின்ற இஸ்திரிக்காரர் குனிந்து வரியைப் படித்தார். கட்டுப்போட்ட கையை அதன்மேல் வைத்தார்.

"அக்கா, மறுபடியும் தேதி போடல பாருங்க. திங்கக்கிழமை காலைல எட்டு மணின்னு எழுதுங்க."