வேற ஊட்டுக்காரி

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகிவிடும். அன்று பேரூராட்சி சுகாதாரக் குழுக் கூட்டத்தில் இரண்டு காதும் கொதித்தன.

மேட்டுத் தெருவில் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. எட்டு மாதக் கர்ப்பிணி கோகிலவாணி சேலம் பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். அவளை அனுப்பிவைத்த டாக்டர் நான்தான்; குழுவில் நானும் ஒரு உறுப்பினர். ஆனால் குழாய்த் தண்ணீர் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. மறுபடியும் அதே லேபுக்கே தண்ணீரை அனுப்பலாம் என்றார் சுகாதாரக் குழுத் தலைவர் கதிர்வேல். அவர் என் அப்பா. லேப் என் கணவர் பூபதியுடையது.

குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜவுளிக்கடை நிஜாமுதீன் எழுந்தார். "தப்பா நினைக்காதீங்க. லேப் உங்க மருமவனோடதுதானுங்களே?"

அப்பா சிரித்தார். "ஏனுங்க, பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. அவ இப்ப வேற ஊட்டுக்காரிங்க. எனக்கும் அந்த லேபுக்கும் என்னங்க சம்பந்தம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அடப்பாவிகளா! சொத்துப் பிரிக்கையில் சொல்கிற பேச்சைக் கொண்டுவந்து குடிக்கிற தண்ணீரிலா கலப்பது? லேப் திறந்த அன்று வாசலில் நின்று, "நம்ம லேபுங்க, வாங்க" என்று இவர்களையெல்லாம் கும்பிட்டு வரவேற்றவர் இதே மனுஷன்தான்.

நான் எழுந்துவிட்டேன்.

"நான் சொல்றேங்க. லேப் எங்க ஊட்டுது. அந்த வருமானத்துலதான் நானும் சோறு திங்கறேன். இவரு என்னைப் பெத்த அப்பா. இந்த விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் வாயே திறக்கக் கூடாது. எந்திரிங்கப்பா, வெளியே போலாம்."

"உக்காரு அம்மிணி." பல்லைக் கடித்தபடி சொன்னார்.

"நீங்க எந்திரிக்கிற வரைக்கும் நிப்பேனுங்க."

கடைசியில் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். மற்றவர்கள் கதவைச் சாத்திப் பேசி, தண்ணீரைச் சேலத்து அரசு லேபுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள்.

வராந்தாவில் அப்பா என் பக்கம் திரும்பினார். "நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டியே. மாப்ள பொய்யா எழுதிக் குடுப்பாரா? நீயே சொல்லு."

அந்த ரிப்போர்ட் வந்த நாள் முதல், சோறு போடும்போதெல்லாம் பூபதியின் முகத்தைப் பார்த்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"மாட்டாருன்னுதானுங்கப்பா எனக்கும் தோணுது," என்றேன். "அதனாலதான் நாம உள்ள இருக்கக் கூடாது."