காயாத படகு

ஒக்லண்டில் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிறவர்களுக்கு என்னைப் பென்ரோஸில் படகு திருத்துகிற பெனடிக்ற் என்றுதான் தெரியும். அதற்கு முந்தின கதையை நான் சொல்லிக்கொள்வதில்லை. மன்னாரில் இயக்கத்துக்குச் சண்டைப் படகு கட்டினேன். கட்டுகிற சாமான் தீர்ந்ததும் சண்டைக்குப் போ என்று கையில் துவக்கைத் தந்தார்கள், அதையும் தூக்கினேன். பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடத் தெரிந்ததால் உயிரோடு இருக்கிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் என் மனைவி மேர்சி ஒரு வயதான அம்மாவைக் கூட்டிவந்தாள். லின்ஃபீல்டில் இருக்கும் மகளிடம் ஊரிலிருந்து வந்திருக்கிறாராம். பெயர் அன்னம். கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது. சஞ்சீவனின் தாய்.

நான் கட்டிய கடைசிப் படகில் கடலுக்குப் போனவன் சஞ்சீவன். பதினெட்டு வருடமாக உடலும் இல்லை, செய்தியும் இல்லை.

அவர் கையில் ஒரு கடித உறையும் மேர்சியின் பேனாவும் இருந்தன. மரித்தோர் திருநாளுக்கு உறையில் எழுதிக் கொடுக்கிற இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் பூசையில் வாசிப்பார். இத்தனை வருடமும் மகன் பெயரை அவர் எழுதிக் கொடுத்ததேயில்லை.

"தம்பி, மகள் எழுதச் சொல்லுறாள், எனக்கு மனம் வரேல்லை. நீங்கள்தானே அந்தப் போட்டைக் கட்டினனீங்கள்? அது நல்ல போட்தானே? நீங்கள் சொல்லுறதை வச்சுத்தான் எழுதப்போறன்."

அது நல்ல படகில்லை. அடியில் பூசிய ரெசின் பசை காயவேயில்லை, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. இன்னும் நாலு நாள் வேண்டும் என்று இயக்கப் பொறுப்பாளரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முறைத்ததும் அடங்கிவிட்டேன். அலையில் அரை மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. இங்கே பொழுதுபோக்காக மீன் பிடிக்கிறவனின் படகைக்கூட ஒரு வாரம் காயவிடாமல் கொடுக்க மாட்டேன். வெட்கம் கெட்டவன் நான்.

"ஓம் அம்மா, நல்ல போட். நானே கடலில ஓடிப் பார்த்துத்தான் குடுத்தனான்" என்றேன். உங்கள் பிள்ளையைச் சாகக் கொடுத்தவன் நான்தான் என்று சொல்வதைவிட இது அவருக்கு ஆறுதல் என்று என்னையே ஏய்த்துக்கொண்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பேனாவை மேர்சியிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பார்த்தியே பிள்ளை, போட் நல்லதெண்டால் அவன் எங்கையாவது கரை ஏறியிருப்பான். உயிரோட இருக்கிறவனுக்கு என்னத்துக்குச் செத்தவீட்டுப் பூசை?"

எழுபத்தெட்டு வயதில் அவர் இனியும் காத்திருக்கப் போகிறார். தடுக்க ஒரு சொல் போதும். உண்மை தெரிந்த மேர்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் காரை எடுக்கப் போனேன்.