பதினான்கு நிமிடம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இன்றே விழட்டும்.

என் பேத்திக்கு எட்டு வயது. வீட்டில் அவளைப் பம்பரம் என்போம். கவனம் நிற்கிறதா, கை அடங்குகிறதா என்று கணினியில் சோதித்து அறிக்கை கொண்டுவந்தால்தான் திங்கட்கிழமை வகுப்பில் உட்காரலாம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை போயாயிற்று. முதல் தடவை கரண்ட் போனது. இரண்டாம் தடவை, ஒன்பதாவது நிமிடத்தில் இவள் எழுந்து, சோதிக்கிற அம்மாவிடம், "ஆன்ட்டி, உங்க டீ ஆறிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். எல்லாம் பாழ். மகளுக்கு இனி ஆபீஸில் லீவு கிடையாது.

"இந்தத் தடவை நீங்க கூட்டிட்டுப் போங்கப்பா. வாயைத் திறக்காம உக்காந்திருங்க, அது போதும்."

நானா வாயைத் திறக்கிறவன்?

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். வந்தவுடன் விசையைத் தட்ட வேண்டும். எக்ஸ் வந்தால் மட்டும் தட்டக் கூடாது. இப்படியே பதினான்கு நிமிடம், ஜன்னல் இல்லாத அறையில். எனக்கே முதல் நிமிடத்தில் கொட்டாவி வந்துவிட்டது.

"ஏம்மா, நடுவுல படம் கிடம் எதுவும் வராதா?" என்றேன். அந்த அம்மா முறைத்தார்.

பம்பரம் அசரவில்லை. தட்டிக்கொண்டே கூரை அட்டையின் ஓட்டைகளை எண்ணினாள்; நாலாயிரத்துப் பன்னிரண்டு. பக்கத்து அறையில் யாரோ பேனா மூடியைத் தேடும் சத்தம் கேட்டு, "மேசைக்கு அடியில, இடது பக்கம்!" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள். அங்கேதான் கிடந்தது. ஒரு எக்ஸுக்குக்கூட விரல் அசையவில்லை. பதினோராவது நிமிடத்தில் கணினிக்கே தாங்கவில்லை. 'கொஞ்சம் விடும்மா' என்று திரையில் எழுதிக் காட்டியது. அதற்கும் தட்டினாள். அது எக்ஸ் இல்லையே!

சாயங்காலம் மகளிடம் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். பம்பரம் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் முழுக்க அசையாமல்.

"நாலாவது தடவைக்கு லீவுக்கு நான் எங்க போவேன்ப்பா?" என்றாள் மகள், கையிலிருந்த அறிக்கையை என் மடியில் போட்டு.

அதில் ஒரே வரிதான் இருந்தது: 'உடன் வந்த பெரியவர் பேச்சை நிறுத்தாததால், இரண்டாவது நிமிடத்தில் சோதனை நிறுத்தப்பட்டது.'