முட்டைக் கட்சியும் வித்துக் கட்சியும்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருந்த பட்டறையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். பல்லி முட்டையோ யானைத் தந்தமோ, எதைக் கேட்டாலும் களிமண்ணில் பிடித்து, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் காட்சிப் பொறுப்பாளர் வந்தார். 'பிள்ளை யார் ஜாடை?' என்று ஒரு கண்காட்சி வைக்கப் போகிறாராம்.

"முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி பெரிய படிப்பாளிங்களே, ஆணோட வித்துக்குள்ள முழு மனுஷன் குட்டியா சுருண்டு கிடக்கிறான்னு நம்பினாங்க. தாய் வெறும் நிலமாம். இன்னொரு கூட்டம், இல்லவே இல்ல, ஆள் இருக்கிறது தாயோட முட்டைக்குள்ளதான்னு மல்லுக்கு நின்னது. ரெண்டையும் பூசணிக்காய் பெருசுக்குச் செஞ்சு குடுங்க."

"இதுல எது சரிங்க?" என்றாள் பெண்டாட்டி.

"ரெண்டும் தப்பு. அதைத்தான் மூணாவது பலகைல எழுதியிருக்கேன்."

சுருண்டு கிடக்க ஓர் ஆள் வேண்டுமே. அவளுடைய தம்பி, வேலை தேடுகிறேன் என்று வந்தவன், அக்கா வீட்டு சோபாவில் முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்துத் தூங்குவதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தான். அவன் விழிப்பதற்குள் புருஷன் உருவத்தைப் பிடித்து முடித்துவிட்டான். வித்துக்குள் அச்சு அசலாக மச்சான்.

"என் தம்பியைக் கொண்டுபோய் ஆம்பளை பக்கம் அடைச்சிட்டீங்களா? உங்க வீட்டுல ஆளுக்கா பஞ்சம்?"

"சுருண்டு படுக்கறதுல உங்க வீட்டாளை மிஞ்ச முடியுமா?"

அவள் முட்டையைத் தானே செய்வதாக வாங்கிக்கொண்டாள். முடிந்தபோது, கிளிமூக்கும் நீண்ட மோவாயுமாக முட்டைக்குள் உட்கார்ந்திருந்தது புருஷனுடைய அக்கா.

"ஐயோ, அக்கா பார்த்தா கொன்னே போட்டுடுவா!"

"பார்க்கட்டுமே. அண்ணி வாயை மூடிட்டு இருந்து நான் பார்த்ததே இந்த முட்டைக்குள்ளதான்."

கண்காட்சி திறந்த அன்றே அக்கா வந்துவிட்டாள். மச்சான்தான் போன் போட்டிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அக்கா முட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பலகையை ஓர் எழுத்து விடாமல் படித்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"இதுதாங்க சரி. பத்து மாசம் சுமக்கிறவ வெறும் நிலமா? வர்றது எல்லாம் தாய்கிட்டருந்துதான்!"

மச்சானுக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ, தன் உருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். "வித்து இல்லாத முட்டை கூமுட்டையாத்தான் போகும்!"

"யாரைப் பார்த்துடா கூமுட்டைங்கிற?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மாமியார்கள் வித்துப் பக்கம் சாய, மருமகள்கள் முட்டைப் பக்கம் சேர்ந்தார்கள். மறுநாள் கதவு திறக்கும் முன்பே அக்காவும் மச்சானும் வாசலில் ஆஜர். மூன்றாவது பலகையை ஈ காக்கைகூடச் சீந்தவில்லை.

பொறுப்பாளர் பட்டறைக்கு ஓடிவந்தார். "வரலாற்றைக் காட்டத்தானே சொன்னேன், திரும்ப நடத்தச் சொல்லலையே! ரெண்டு பேர் ஜாடையும் உள்ள ஒரு குழந்தை முகம் செஞ்சு நடுவுல வைங்க."

இரண்டு முகத்தையும் சரிபாதியாகக் கலந்து பிசைந்தார்கள். மழையில் கரைந்த சோப்பு மாதிரி ஒரு முகம் வந்தது.

"இதுவும் பழைய தப்புதாங்க," என்று தலையில் கைவைத்தார் பொறுப்பாளர். "பாலும் தண்ணியும் மாதிரி கலந்துடும்னு ரொம்ப நாள் நம்பினாங்க. அப்படிக் கலந்திருந்தா இந்நேரம் ஊர்ல எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான். ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்தது உள்ளுக்குள்ள கரையாது. ஒண்ணு வெளிய தெரியும், ஒண்ணு ஒளிஞ்சிருந்து பேரப்பிள்ளைகிட்ட எட்டிப் பார்க்கும்."

"அப்போ மூக்கு எங்க அக்காவுது," என்றான் புருஷன்.

"பாவம் பிள்ளை," என்றாள் பெண்டாட்டி.

சண்டை முற்றியதும் பொறுப்பாளரே நாணயத்தைச் சுண்டினார். "இயற்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான் பண்ணுது," என்றார். மூக்கு அக்கா பக்கம் விழுந்தது. மோவாயும் தூங்குமூஞ்சிக் கண்ணும் மச்சான் பக்கம்.

புது முகத்தை வைத்ததும் சனம் அங்கே திரும்பியது. "எங்க சித்தப்பா இப்படித்தான் இருப்பாரு" என்றார் ஒருவர். "எங்க ஓரகத்தியை உரிச்சு வச்சிருக்கு" என்றாள் இன்னொருத்தி. அக்காவும் மச்சானும் உற்று உற்றுப் பார்த்தார்கள். "எங்க ஜாடை துளிகூட இல்ல" என்பதில் மட்டும் இருவரும் முதன்முறையாக ஒத்துப்போனார்கள்.

வாய்ச் சண்டையைப் பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் அதிகம் என்பதால், மச்சானை விளக்கம் சொல்லும் ஆளாகப் பொறுப்பாளர் வேலைக்கு வைத்துக்கொண்டார். இப்போது அவன் மூன்று பலகைகளையும் ஒழுங்காக விளக்குகிறான், தாய்க்கும் தகப்பனுக்கும் பாதிக்குப் பாதி என்றுகூடச் சொல்கிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் கேட்கும்:

"பாதிக்குக் கொஞ்சம் மேலேன்னு சொல்லுடா!"